நஞ்சையும் மருந்தாக்கியவர்

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பது நம் முன்னோர் வாக்கு. இதே உண்மையை மறுபுறமிருந்து நோக்கி, அளவறிந்து கொடுத்தால் நஞ்சும் மருந்தாகும் என்று ஐரோப்பாவுக்குப் போதித்தவர் ஒருவர் உண்டு. தெயோஃபிராஸ்துஸ் ஃபொன் ஹோஹென்ஹைம் என்பது அவரது இயற்பெயர். பாராசெல்சுஸ் என்றே உலகம் அவரை அறியும்.

சுவிட்சர்லாந்தில், அன்னை மரியாவின் திருத்தலமாகிய ஐன்சீடெல்னில் 1493-ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தந்தையும் மருத்துவரே. தாயை இளமையிலேயே இழந்த சிறுவன், தந்தையுடன் ஆஸ்திரியாவின் ஃபில்லாக் நகருக்குக் குடிபெயர்ந்தான். அப்பகுதி சுரங்கங்கள் மிகுந்தது. மண்ணைத் தோண்டி, உலோகத்தை உருக்கி வாழும் மக்களின் இருமலையும் இளைப்பையும் அங்கே அவன் கண்டான். வாழ்நாள் முழுவதும் அவருக்குத் துணைநின்ற கல்வி இதுவே எனலாம்.

அன்றைய மருத்துவம் முழுவதும் காலென் என்னும் பண்டைய கிரேக்க மருத்துவரின் பிடியில் இருந்தது. குருதி, கோழை, மஞ்சள் பித்தம், கரும் பித்தம் ஆகிய நான்கின் சமநிலை குலைவதே நோய் என்றனர். பாராசெல்சுஸ் இதை மறுத்தார். நோய் வெளியிலிருந்தும் வரும். ஒவ்வொரு நோய்க்கும் தனித்த காரணமும் தனித்த மருந்தும் உண்டு என்றார். இரசவாதத்தின் நோக்கம் பொன் செய்வதன்று, மருந்து செய்வதே என்று முழங்கினார். கந்தகம், பாதரசம், உப்பு என்னும் மூன்று மூலங்களைக் கொண்டு உடலின் இயல்பை விளக்க முற்பட்டார்.

1527-இல் பேசல் நகரின் மருத்துவராக அவர் நியமிக்கப்பட்டார். புகழ்பெற்ற அச்சகத்தார் ஃபுரோபனுக்கு அவர் அளித்த சிகிச்சையும் அறிஞர் எராஸ்முஸின் நட்பும் அவருக்குப் பெருமை சேர்த்தன. பல்கலைக்கழகத்தில் இலத்தீனை விடுத்து, மக்கள் பேசும் ஜெர்மன் மொழியிலேயே பாடம் நடத்தினார். அவ்வாண்டு புனித அருளப்பர் திருநாள் நெருப்பில் பெரும் மருத்துவ நூலொன்றை எறிந்தார். அது அவிசென்னாவின் நூல் என்பது மரபு. நூலை எரித்தவர் நாவையும் அடக்கவில்லை. தாம் குணப்படுத்திய பேராலயக் குரு ஒருவர் பேசிய கட்டணத்தைத் தராதபோது வழக்குத் தொடுத்தார், தோற்றார், நீதிபதிகளை ஏசினார், 1528-இல் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. அதன்பின் வாழ்வெல்லாம் நாடோடி வாழ்வே.

ஆயினும் அந்த அலைச்சலில்தான் அவருடைய சிறந்த பணிகள் பிறந்தன. காயங்களைத் தீயால் சுடாமல், தூய்மையாகக் காத்து, இயற்கை தானே ஆற்ற வழிவிடுமாறு 1536-இல் வெளியிட்ட ‘பெரும் அறுவை மருத்துவம்’ என்னும் நூலில் கற்பித்தார். சுரங்கத் தொழிலாளரின் நோயை மலையாவிகளின் தண்டனை என்று கருதிய காலத்தில், அவர்கள் சுவாசிக்கும் உலோக ஆவியே காரணம் என்று எழுதினார். அந்நூல் அவர் இறந்தபின், 1567-இல்தான் அச்சேறியது. உழைப்பவனின் நோய்க்கு அவனுடைய பாவத்தைக் காரணம் காட்டாமல், உழைக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டியது எத்துணைப் பெரிய நீதி! தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. அவரைப் பின்தொடர்ந்தே ஃபான் ஹெல்மொன்ட் போன்றோர் மருத்துவத்தில் வேதியியலுக்கு இடம் தேடித் தந்தனர்.

அவரிடம் குறைகளும் மலிந்திருந்தன. விண்மீன்கள் உடலை ஆள்கின்றன என்றும், மூலிகையின் வடிவமே அது தீர்க்கும் நோயைச் சொல்லும் என்றும் நம்பினார். பிறரை இகழ்ந்த அவரது செருக்கு, அவர் சொன்ன உண்மைகளுக்கே பகைவரைத் தேடித் தந்தது.

1541 செப்டம்பர் 24 அன்று சால்ஸ்பூர்க் நகரில் அவர் இறந்தார். வயது ஐம்பதைக்கூட எட்டவில்லை. திருச்சபையின் சில போக்குகளைக் கடுமையாகச் சாடியவர் அவர்; எனினும் அதை விட்டு விலகவில்லை. புனித செபஸ்தியார் ஆலயக் கல்லறையில் ஏழைகளின் நடுவே துயில்கொள்ள விரும்பினார். தம் உடைமையின் பெரும்பகுதியை ஏழைகளுக்கே எழுதிவைத்தார்.

அன்பர்களே, நாவால் பலரைப் புண்படுத்திய ஒருவர், கைகளால் பலருடைய புண்களை ஆற்றினார். நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அளவே என்று கற்பித்த அவர், தம் சொல்லுக்கு மட்டும் அந்த அளவுகோலை வைக்க மறந்தார். நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து கற்ற அவருடைய பணிவை நாம் ஏற்போம். அவருடைய செருக்கிலிருந்து பாடம் கற்போம்.