கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்



நம் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காதவர் உண்டா? மணி காட்டத்தான் கட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1885-இல், இந்த ஊர் தெலுக் ஆன்சனாக இருந்தபோது, குடிநீர் சேர்த்து வைக்கும் தொட்டியும் அதற்குள் இருந்தது. அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். தலைக்கு மேலே காற்றில் கலந்திருக்கும் தண்ணீரோ தெரியாது. அதைக் காண மனிதன் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களைக் கேளுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும்போதே அண்ணாந்து பார்ப்பார்கள். "இன்னிக்கு மரம் வெட்டலாமா, மழை கெடுத்துடுமா?" பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கிலிருக்கும் பாலெல்லாம் வழிந்தோடிவிடும். அன்றைய கூலியும் அதோடு போச்சு. 1926 டிசம்பரில் பேராக் நதி பெருக்கெடுத்தபோதும் மேலே எத்தனை தண்ணீர் திரண்டு நிற்கிறது என்று சொல்ல ஆளில்லை.

1960 ஏப்ரல் முதல் தேதி (முட்டாள்கள் தினமாயிற்றே என்று சிரிக்காதீர்கள்) அமெரிக்காவின் டைரோஸ்-1 விண்ணுக்குப் போய் மேகங்களைப் படம் பிடித்தது. ஆனால் மேகம் வேறு, நீராவி வேறு. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது கெண்டி மூக்கைக் கவனியுங்கள். வெள்ளைப் புகைபோல் வருவது ஏற்கெனவே துளிகளாகிவிட்ட தண்ணீர். மூக்குக்கும் புகைக்கும் நடுவே ஒன்றுமில்லாதது போல் ஓர் இடைவெளி இருக்கிறதே, அதுதான் நீராவி!

அந்த நீராவி, ஆறேழு மைக்ரான் அலைநீளமுள்ள வெப்பக் கதிரை உறிஞ்சித் திருப்பி வெளிவிடுகிறது. அந்தக் கதிரைப் பிடிக்கும் கருவியோடு 1970-இல் நிம்பஸ்-4 போனது. 1977-இல் ஐரோப்பாவின் மெட்டியோசாட், ஆப்பிரிக்காவுக்கு மேலே ஒரே இடத்தில் நின்றபடி நீராவிப் படம் அனுப்பியது. அதே ஆண்டில்தான் ஜப்பானின் முதல் ஹிமவாரியும் ஏறியது. ஹிமவாரி என்றால் சூரியகாந்தி. நம் பக்கம் பார்த்த அந்தப் பூவுக்கு நீராவிக் கண் கிடைத்தது 1995-இல், ஐந்தாவது ஹிமவாரியில்தான். பதினெட்டு வருஷம்!

படத்தில் ஈரக்காற்று வெளுப்பாகவும் வறண்ட காற்று கறுப்பாகவும் தெரியும். வரிசையாக ஓட்டிப் பார்த்தால், மேகமே இல்லாத இடத்திலும் காற்று போகும் வழி ஆறு மாதிரி நெளியும். 2015 முதல் ஹிமவாரி பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் தருகிறது, அதுவும் மூன்று அடுக்காக. நம் மலேசிய வானிலைத் துறையும் அதைப் பார்க்கிறது.

அப்படியானால் வெள்ளம் வராதா? வரும். 2014 டிசம்பரில் தீபகற்பத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வீடு விட்டு ஓடவில்லையா? படம் மழையைத் தடுக்காது. இன்னொரு குறையும் உண்டு. பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டருக்கு மேலே உள்ள ஈரம்தான் அதில் தெரியும். தரையை ஒட்டிய ஈரம் மறைந்துவிடும். மலாக்கா நீரிணையைத் தாண்டி, மரம் வெட்டப் போகும் அந்த விடியற்காலை நேரம் பார்த்துப் பாய்ந்து வருமே 'சுமத்ரா' புயற்காற்று, அதைப் பிடிக்க இந்தப் படம் மட்டும் போதாது. ராடார் வேண்டும்; பினாங்கிலிருந்து மேலே விடும் பலூனும் வேண்டும்.