கம்பி வழியே ஓர் ஊர்

தொலைக்காட்சி வரலாறு என்று நம்மிடையே எழுதப்படுவது பெரும்பாலும் தலைநகரத்து நிலையங்களின் வரலாறுதான். 1975இல் சென்னைத் தூர்தர்ஷன், 1993இல் சன், பிறகு ராஜ், விஜய், ஜெயா என்று வரிசை போகும். தறிச் சத்தத்தோடு விடியும் இளம்பிள்ளையிலிருந்து பார்த்தால் இந்த வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது. இங்கே தொலைக்காட்சி என்பது முதலில் ஒரு கேபிள்காரர், மாடியில் ஒரு டிஷ், கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கறுப்பு ஒயர்.

1991 வளைகுடாப் போரை ஒட்டி நகரங்களில் பரவிய கேபிள், சில ஆண்டுகளில் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. அதில் செயற்கைக்கோள் சானல்களுக்கு நடுவே காலியாகக் கிடந்த ஓர் இடத்தில், ஒரு வி.சி.ஆரும் மாடுலேட்டரும் இருந்தால் யாரும் சொந்தமாக ஒரு சானல் ஓட்டலாம். முதலில் கேசட் படம்தான். பிறகு படத்துக்கு அடியில் ஓடும் எழுத்தில் சேலைக்கடைத் தள்ளுபடி. அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, மாரியம்மன் பண்டிகை வீடியோ. ‘நம்ம தெரு டி.வி.ல வருதாம்’ என்று வேலையைப் போட்டுவிட்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். காட்டப்படுகிறவரும் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்த அந்த அனுபவத்தைச் சென்னை எப்போதும் தந்ததில்லை.

இதைக் கொண்டாடிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. எந்தத் தெருவின் பண்டிகை? விளம்பரப் பணமோ வீடியோச் செலவோ கொடுக்க முடிந்த தெருவின் பண்டிகை. தறி முதலாளியின் வீட்டுக் கல்யாணம் இரண்டு மணிநேரம் ஓடும். கூலி உயர்வு கேட்டுத் தறி நின்றால் அது செய்தியாகாது. சேலை விளம்பரத்தில் வாழும் சானல் சேலை நெய்தவனின் கூலியை எப்படிப் பேசும்? உள்ளூர் என்பது அதிகாரமற்ற வெளியல்ல. அங்கே அதிகாரத்தின் முகம் நமக்குத் தெரிந்த முகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வட்டாரத்திலிருந்து வெளியே போன சானல் ஒன்று உண்டு. சேலத்தில் கேபிள் சானலாகத் தொடங்கிய பாலிமர் 2009இல் செயற்கைக்கோளுக்கு ஏறியது. ஏறிய பின் அதன் நேரத்தை நிரப்பியதில் பெரும்பங்கு தமிழ்க்குரல் கொடுக்கப்பட்ட இந்தித் தொடர்களுக்கு. காரணம் பொருளாதாரம். ஒரு தொடரை எடுப்பதைவிட, எடுத்ததை வாங்கிக் குரல் கொடுப்பது மலிவு. விளைவு, வாயசைவு ஒரு மொழி, சத்தம் இன்னொரு மொழி. சேலத்துப் பேச்சு இரண்டிலும் இல்லை. மையத்தோடு போட்டியிட வேண்டுமானால் விளிம்பு தன் விளிம்புத்தன்மையைக் கீழே இறக்கி வைத்துவிட்டே வர வேண்டியிருக்கிறது.

மறுபுறம் சட்டம். 1995 பிப்ரவரியில் அலைவரிசை பொதுச்சொத்து என்றது உச்சநீதிமன்றம். அதே ஆண்டு வந்த கேபிள் சட்டம் ஒயரைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 2007இல் தொடங்கப்பட்ட அரசு கேபிள் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. சந்தா குறைந்தது, ஆனால் என்ன ஓடுவது என்பதில் பார்ப்பவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. 2011 திருத்தத்தைத் தொடர்ந்து செட்டாப் பாக்ஸ் வந்தபோது அந்தக் காலி இடமும் போயிற்று. சானலைச் செருகும் இடம் தெருமுனைக் கேபிள்காரரின் மாடியிலிருந்து பெரிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு நகர்ந்தது. 2022 நவம்பர் நெறிமுறைகள் இதை முடித்து வைத்தன. கேபிள் வழியே உள்ளூர்ச் செய்தி தர, அந்த நிறுவனம் கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஊர்ச்செய்தி சொல்ல ஊராக இருந்தால் போதாது, கம்பெனியாக இருக்க வேண்டும்.

‘இப்பத்தான் ஆளாளுக்கு யூடியூப் இருக்கே’ என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது தனித்தனிக் கையில் தனித்தனித் திரை. ஒரே நேரத்தில் ஒரு தெரு தன்னைப் பார்த்துக்கொள்ளும் பொதுவெளி அல்ல. சமுதாய வானொலியில் 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் இடம் கிடைத்தது, செய்திக்குத் தடையோடுதான். கேபிளில் அப்படி ஒரு பிரிவே இல்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ தொழிற்சங்கமோ ஒரு சானல் நடத்தவும் அதில் செய்தி சொல்லவும் உரிமை வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். உள்ளூர் சானல்களின் தரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் இந்தக் கேள்வி நம் கூட்டங்களில் எழாமலே போயிற்று.