ஹெவிவெயிட் உலகப் பட்டப் போட்டியே கிடைக்காத வீரர்

குத்துச்சண்டை என்றதும் நமக்கு முகமது அலி, மைக் டைசன் பெயர்கள்தான் நினைவுக்கு வரும். சாம் லாங்ஃபோர்டை எத்தனை பேருக்குத் தெரியும்?

கனடாவில் பிறந்த இந்தக் கறுப்பின வீரர், 1906-ல் தன்னைவிட எடை மிகுந்த ஜாக் ஜான்சனுடன் 15 சுற்றுகள் மோதிப் புள்ளிக் கணக்கில் தோற்றார். 1908-ல் ஜான்சன் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஆனார். லாங்ஃபோர்டுக்கு மறுவாய்ப்புத் தரவே இல்லை. பின்னர் வந்த வெள்ளைக்காரச் சாம்பியன்களும் அவருடன் பட்டத்துக்காக மோதவில்லை. தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட ஹாரி வில்ஸ் போன்றவர்களுடனேயே திரும்பத் திரும்ப மோதினார். பார்வையும் போயிற்று.

1944-ல் ஒரு பத்திரிகை நிருபர் அவரை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், வறுமையில் கண்டுபிடித்தார். செய்தியைப் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். 1956-ல் காலமானார்.

உதவி வந்தது, நல்லதுதான். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஹெவிவெயிட் உலகப் பட்டப் போட்டி. பேரப்பிள்ளைகளிடம் இவர் பெயரையும் சொல்லுங்கள்.