கள்ளுக்கடை வாசலும் ஓட்டுப்பெட்டியும்

இந்தக் கருத்தரங்கின் தலைப்பைக் கேட்டதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "குடியை விட்டவனுக்கும் ஓட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? முதலில் அவன் ஒழுங்காக வேலைக்குப் போகட்டும்" என்றார். சம்பந்தம் இருக்கிறது. நம் தோட்டப்புற வரலாற்றில் குடியை விடுவதும் உரிமை கேட்பதும் ஒரே வாசலில்தான் சந்தித்தன. அது கள்ளுக்கடை வாசல்.

லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருட்டோடு பெரட்டு, பிறகு பால் மரம், பாலை நிறுத்துக் கொடுத்ததும் கள்ளுக்கடை. அந்தக் கடை லயத்துக்குப் பக்கத்திலேயே, நிர்வாகத்தின் கண்பார்வையில், அரசாங்க லைசென்சோடு நடந்தது. தோட்டக் கள்ளுக்கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியில் போட்டு வைத்தார்கள். தன் சம்பளத்தைத் தானே குடித்துத் தீர்த்தவனுக்கு, அதில் ஒரு பங்கு தர்மம் போலத் திரும்பி வந்தது! சீனத் தொழிலாளிக்கு அபின், தமிழ்த் தொழிலாளிக்குக் கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. ஆகவே தோட்டத்துக் குடியை வெறும் தனிமனித பலவீனம் என்று சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இவற்றோடு கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. அந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பு. குடித்துக்கொண்டிருந்தவர்களே கடையை மூடு என்று கேட்டிருக்கிறார்கள்! சம்பளம், மரியாதை, குடி மூன்றும் ஒரே கயிற்றின் முடிச்சுகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதில் துப்பாக்கியால் வந்தது. ஐந்து பேர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பிறகு போர். சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். இன்னொரு பக்கம் தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து சீருடை அணிந்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் செய்தி வந்தபோது நேதாஜி நம் சிரம்பானில்தான் இருந்தார். படை கலைந்தது. ஆனால் நிமிர்ந்து நடக்கக் கற்றவர்கள் மறுபடி குனியத் தயாராக இல்லை. கெடாவில், பிடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அணிவகுப்பு, கட்டுப்பாடு, கள்ளுக்கடை மறியல். 1947-இல் அது போலீசாரோடு மோதலில் முடிந்து, படை ஒடுக்கப்பட்டது.

தொண்டர் படையின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் ஒரு குறை சொல்ல வேண்டும். குடித்து வந்தவனை அவர்கள் தண்டித்தார்கள். அடியும் விழுந்தது. அவனை இனத்துரோகி போலப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

நெகிரி செம்பிலானில் வேறொரு பாதை தெரிந்தது. இங்கே போருக்குப் பின் உருவான இந்தியத் தொழிலாளர் சங்கத்தில்தான் பி. பி. நாராயணன் வளர்ந்தார். 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது அதை வழிநடத்தியவர் அவர். சங்கத்தில் யார் குடிப்பவன், யார் விட்டவன் என்று கேட்டுச் சந்தா வாங்கவில்லை. சந்தா கட்டினால் உறுப்பினர். வேலைநிறுத்தம் வேண்டுமா என்றால் இரகசிய ஓட்டு. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அட்டையோடு இருந்த எத்தனையோ தொழிலாளர்களுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஓட்டு அந்தச் சங்க ஓட்டுதான்.

நாட்டுத் தேர்தல் ஓட்டு அவ்வளவு எளிதில் வரவில்லை. 1955-இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் நூறு வாக்காளர்களில் ஐந்து பேர்கூட இந்தியர் இல்லை. குடியுரிமைக்கு அலைந்து, பிறப்புப் பத்திரத்துக்கு அலைந்து வாங்கிய ஓட்டு அது. அதை ஒரு போத்தலுக்குக் கொடுத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டாம். ஓட்டுக்காகச் சாப்பாடும் குடியும் கொடுப்பது 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். வாங்குபவனுக்கும் குற்றம். ஆகவே குடியை விட்ட மனிதன், இனி போத்தலைக் காட்டி யாரும் வாங்க முடியாத வாக்காளன். அவனைத்தான் நாம் வாக்குச்சாவடிக்கு அழைக்கவே இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நீலாய், செனாவாங் பக்கம் பால் மரம் நின்ற இடமெல்லாம் தாமானும் தொழிற்சாலையும் ஆயின. கள்ளுக்கடை போனது, மலிவுச் சம்சு வந்தது, அதன்பின் போதைப்பொருள் வந்தது.

சிரம்பான் பக்கம் ஒரு தாமானில் பேசிவிட்டு இறங்கும்போது ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். வயது ஐம்பது இருக்கும். "ஐயா, நான் உள்ளே இருந்துட்டு வந்தவன். மறுவாழ்வு மையத்துலயும் இருந்தேன். என் ஓட்டு போயிருச்சுதானே?" என்றார். பல வருடங்களாக அப்படியே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

போகவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 119-ஆவது பிரிவைப் பாருங்கள். சிறைத்தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கும் காலத்தில்தான் ஓட்டுரிமை இல்லை. தண்டனை முடிந்தால் தடையும் முடிந்தது. மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும் உத்தரவு சிறைத்தண்டனையே அல்ல. தேர்தலில் வேட்பாளராக நிற்கத்தான் 48-ஆவது பிரிவு கூடுதல் தடை போடுகிறது. ஓராண்டோ அதற்கு மேலோ சிறை, அல்லது 2,000 வெள்ளியோ அதற்கு மேலோ அபராதம் பெற்றவர் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். அதன்பின் அவரும் நிற்கலாம்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். பதியாமல் விட்ட பழைய ஆட்களும் அப்படித்தான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் இருக்கும் முகவரிப்படி தொகுதி அமையும். தோட்டம் போய், லயம் இடிந்து, அட்டையில் மட்டும் தோட்டத்துப் பெயர் இருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். உறவினர் வீடு, நண்பர் அறை, மையம் என்று மாறி மாறி வாழ்ந்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். முகவரியை மாற்றி, தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றமும் கேட்க வேண்டும்.

அந்த மனிதரின் அட்டை எண்ணை என் மகனின் கைபேசியில் தட்டிப் பார்த்தோம். பெயர் இருந்தது. பிறந்த தோட்டத்து முகவரியிலேயே, பிள்ளையில் படித்த தமிழ்ப்பள்ளியே வாக்குச்சாவடியாக இருந்தது. 2023 ஆகஸ்ட் 12 மாநிலத் தேர்தலன்று மாலை எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். முகம் இல்லை. மை வைத்த விரல் மட்டும், பின்னால் பள்ளிக்கூட வேலி.