மிடிக் கோப்பும் சமச் சுருதியும்: ஆபிரகாம் பண்டிதரின் கணக்கைக் கணினியில் கேட்டல்

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை ஆராயும் மாணவர் ஒருவர், தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ உள்ள கல்லூரிக் கணினியில் பாலைகளின் சுரங்களை மிடிக் கோப்பாக அமைத்து, கட்டளை வரியில் ஒற்றைக் கட்டளையால் ஒலிக்கச் செய்யலாம். அவ்வொலி எந்தச் சுருதிக் கொள்கையைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

தஞ்சையில் சித்த மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859-1919), 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில், ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்னும் சாரங்கதேவர் வழிக் கொள்கையை மறுத்து 24 சுருதிகளை நிறுவ முற்பட்டார். 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ அக்கணக்கை விரிக்கிறது. ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என ஸ்தாயியைச் சம பங்குகளாகவே அவர் பகுத்தார். ‘சமம்’ என்பதுதான் அவர் வாதத்தின் உயிர்நிலை. எதிர்த்தோர் மறுத்ததும் அதையே.

விசைப்பலகைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க 1983இல் வகுக்கப்பட்ட நெறி மிடி. அதற்கான கோப்பு வடிவம் 1988இல் வரையறுக்கப்பட்டது. இக்கோப்பில் ஒலி இல்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் என்னும் ஆணைகளே உள்ளன. சுரங்கள் 0 முதல் 127 வரை எண்ணிடப்பட்டுள்ளன. 69ஆம் எண் 440 ஹெர்ட்சைக் குறிக்கும். ஆணைகளை ஒலியாக்க வேறு மென்பொருள் தேவை. பின்லாந்தைச் சேர்ந்த டூக்கா டொய்வோனன் 1995இல் வெளியிட்ட ‘டிமிடிட்டி’ அத்தகையது; பின்னர் மசனாவோ இசுமோ அதை விரிவுபடுத்தினார்.

வேறாகக் குறிப்பிடாதவரை இம்மென்பொருள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகவே ஒலிக்கும். இது பண்டிதரின் ஆயப்பாலைக் கணக்கோடு பொருந்துவதாகும். ஆகவே கோப்பை அப்படியே ஒலிக்கச் செய்து ‘இதுவே பண்டைப் பாலை’ எனக் காட்டும் ஆய்வாளர், தாம் அறியாமலேயே 1916ஆம் ஆண்டு விவாதத்தில் ஒரு பக்கம் நிற்கிறார். சான்றாகக் கொள்ளப்படும் ஒலி, உண்மையில் கருவியின் முற்கோளே.

பண்டிதரின் நுண்பகுப்புகளும் இங்கு வியப்பூட்டும் எளிமையுடன் அமைகின்றன. சுரத்தை வளைக்கும் ஆணைக்கு 16384 நிலைகள் உண்டு, நடுநிலை 8192. வழக்கமான வளைவெல்லை இருபுறமும் இரண்டு அரைச்சுரமாதலின், ஓர் அரைச்சுரத்திற்கு 4096 நிலைகள். வட்டப்பாலைச் சுருதி ஒன்று சரியாக 2048, திரிகோணப்பாலையில் 1024, சதுரப்பாலையில் 512. ஸ்தாயியை 22ஆகச் சமமாகப் பகுத்தாலோ முழு எண் கிட்டாது. இப்பொருத்தம் பண்டிதர் கொள்கைக்கு வரலாற்று வலுச் சேர்ப்பதாகக் கருதலாகாது. இரு கணக்குகளும் பன்னிரண்டை மீண்டும் மீண்டும் இரட்டித்தவை, அவ்வளவே.

மாற்றுக் கொள்கையைக் கேட்கவும் வழியுண்டு. டிமிடிட்டியில் ‘இசட்’ என்னும் தெரிவின்வழி அதிர்வெண் அட்டவணையொன்றை அளித்தால், 3/2 என்னும் இயற்கை விகிதப் பஞ்சமத்தையும் கேட்கலாம். சமப் பகுப்பின் பஞ்சமத்தைவிட அது அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே உயர்ந்தது. காந்தாரத்தில் வேறுபாடு தெளிவாகவே புலப்படும்.

கமகம் தனிச் சிக்கல். கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் பங்கேற்ற ‘காம்ப்மியூசிக்’ திட்டத்தில் (2011-2017) கருநாடக இசை ஆய்வுக்குக் கச்சேரி ஒலிப்பதிவுகளே அடிப்படையாயின. பாடுவோர் சுரத்தில் நிலைத்து நில்லாமையை நோக்க, அது தக்க தேர்வே.

பாலைகளை மிடியில் அமைப்போர் கவனிக்க வேண்டிய நடைமுறைக் கூறு ஒன்றுண்டு. அதிர்வெண் அட்டவணை மிடிக் கோப்பினுள் அடங்குவதன்று, தனிக்கோப்பாகவே இருக்கும். அட்டவணையையும் கட்டளை வரியையும் இணைக்காமல் கோப்பை மட்டும் காப்பகத்தில் சேர்த்தால், அடுத்து ஒலிக்கச் செய்பவர் மீண்டும் சமச் சுருதியையே கேட்பார்.