பெயர்ப்பும் பிழையும்: கணனிகளுக்கிடையே கோப்பு மாற்றம் - ஒரு வரலாற்று நோக்கு

ஓரிடத்து எழுத்தைப் பிறிதோரிடத்துக்குப் பிழையின்றிக் கொண்டு சேர்ப்பது, எழுத்து எவ்வளவு பழையதோ அவ்வளவு பழைய பிரச்சினையாகும். ஏடு பெயர்த்தெழுதியோரும், தந்தி அடித்தோரும், அச்சுக் கோத்தோரும் இதனை எதிர்நோக்கினர். வலையமைப்பினால் இணைக்கப்பட்ட கணனிகளும் இதற்கு விலக்கல்ல. ஒரு கணனியிலுள்ள கோப்பை மற்றொன்றுக்கு அனுப்பும் முறை 1970களின் தொடக்கத்திலே வகுக்கப்பட்டது. அன்று தொட்டு, அம்முறை தோல்வியுறும் விதங்களும், தோல்வியின் காரணத்தைக் கண்டறியும் வழிகளும் ஒன்றையொன்று தொடர்ந்து வளர்ந்து வந்துள்ளன. அவ்வளர்ச்சியை நோக்குமிடத்து ஓருண்மை புலப்படும். வெளிப்படையாகத் தோல்வியுற்ற மாற்றத்தைவிட, வெற்றியென அறிவிக்கப்பட்டு உள்ளே பிழைபட்ட மாற்றமே பெருந்தீங்கு பயப்பது. இதனை வரலாற்று நிகழ்ச்சிகள் சிலவற்றின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் இணைப்பு

இன்றைய இணையத்தின் முன்னோடி, ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியுதவியுடன் அமைக்கப்பட்ட ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பாகும். 1969 ஒக்டோபர் 29 ஆம் திகதி இரவு, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக் கணனிக்கு அதன் முதற்செய்தி அனுப்பப்பட்டது. 'லொகின்' என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லே அனுப்ப எண்ணியது. முதலிரண்டு எழுத்துக்கள் சென்றடைந்ததும் மறுமுனைக் கணனி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின்னரே முயற்சி கைகூடியது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத்திற் கொள்ளவேண்டியது பிறிதொன்று. இரு முனைகளிலும் இருந்தோர் தொலைபேசியிற் பேசியவண்ணமே, ஒவ்வோர் எழுத்தும் கிடைத்ததா எனக் கேட்டு உறுதிசெய்தனர் என லெனாட் கிளைன்றொக் நினைவுகூர்ந்துள்ளார். அனுப்பியது சென்றதா என்பதை அனுப்பிய பாதையிடமே கேளாது, பெற்றவரிடம் வேறொரு வழியாகக் கேட்டறிந்தனர். பிற்காலத்தவர் பல இடர்ப்பாடுகளின் பின்னரே கண்டுகொண்ட தத்துவம் முதல் இரவிலேயே நடைமுறையில் இருந்தது எனலாம்.

வேறுபட்ட பொறிகள்

1971 ஏப்பிரலில், மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலிருந்த அபே பூஷண் கோப்பு மாற்ற நெறிமுறையின் முதல் வரைவை வெளியிட்டார். இவர் கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் பட்டம் பெற்றவர். எவ்.ரி.பி. எனச் சுருக்கி வழங்கப்படும் இந்நெறிமுறை, இணையத்தின் இன்றைய அடிப்படை நெறிமுறைகள் தோன்றுவதற்கு முன்னரே தோன்றியதொன்றாகும். 1983 சனவரி 1 ஆம் திகதி ஆர்ப்பாநெற் புதிய போக்குவரத்து நெறிமுறைக்கு மாறியபோது இதுவும் உடன்மாறியது. யோன் பொஸ்ரெல், ஜொய்ஸ் றெயினோல்ட்ஸ் ஆகிய இருவரும் 1985 ஒக்டோபரில் வெளியிட்ட ஆவணமே இதன் நிலைபெற்ற வடிவமாகும்.

அக்காலக் கணனிகள் தம்முள் பெரிதும் வேறுபட்டிருந்தன. பி.டி.பி.-10 என்னும் கணனியின் சொல் 36 பிற்றுக்களைக் கொண்டது, ஐ.பி.எம். 360 வரிசைக் கணனிகளின் சொல் 32 பிற்றுக்களைக் கொண்டது. முன்னையது ஒரு சொல்லினுள் ஏழு பிற்று எழுத்துக்கள் ஐந்தை அடக்கி ஒரு பிற்றை எஞ்சவிட்டது. பின்னையது எட்டுப் பிற்றுக்கொண்ட பைற்றுக்களாகத் தரவைப் பகுத்தது. எழுத்துக்களைக் குறிக்க ஒரு சாரார் அஸ்கி முறையையும், ஐ.பி.எம். சார்ந்தோர் எப்சிடிக் முறையையும் கையாண்டனர். வரியின் முடிவைக் குறிப்பதிற்கூட ஒருமைப்பாடு இருக்கவில்லை. இதனால் கோப்பின் வகையை அனுப்புவோரே முன்கூட்டிக் கூறவேண்டும் என நெறிமுறை விதித்தது. எழுத்துக் கோப்பாயின் பெறும் பொறியின் வழக்குக்கேற்ப மாற்றப்படும். பிற்றுக் கோப்பாயின் உள்ளவாறே செல்லும்.

இவ்விதி ஒரு தீர்வாயினும், அதுவே புதிய பிழையொன்றுக்கும் தோற்றுவாயாயிற்று. படமொன்றையோ செய்நிரலொன்றையோ எழுத்துக் கோப்பென அனுப்பினால், அதனிடையே தற்செயலாக வரும் 10 என்னும் பெறுமானங்கொண்ட பைற்றுக்களை வரிமுடிவு எனக் கொண்டு பொறி மாற்றிவிடும். கோப்பு முழுமையாக வந்துசேர்ந்ததாகவே அறிவிப்பு வரும்; படமோ திறக்காது. எழுத்துக் கோப்புக்கள் நன்றாக வர, படங்கள் மட்டும் பழுதுபடுமாயின் இக்காரணத்தையே முதலில் ஐயுறல் வேண்டும். இரு முனைகளிலும் கோப்பின் பைற்று எண்ணிக்கையை ஒப்பிடின், பெரும்பாலும் பிழை வெளிப்படும்.

தோல்வியின் மொழி

தோல்வியை அறிவிப்பதற்கு இந்நெறிமுறை வகுத்த முறை பாராட்டத்தக்கது. ஒவ்வோர் ஆணைக்கும் மூவிலக்க விடையொன்று திரும்பி வரும். முதல் இலக்கம் 2 ஆயின் செயல் நிறைவுற்றது. 4 ஆயின் தற்காலிகத் தடை, மீண்டும் முயலலாம். 5 ஆயின் அதே ஆணையை மீண்டும் இடுவதிற் பயனில்லை. இரண்டாம் இலக்கம் தடை எத்துறையைச் சார்ந்தது என்பதைச் சுட்டும். இவ்வகையில் 425 என்பது தரவு இணைப்பைத் திறக்க முடியாமையையும், 530 என்பது உட்புக அனுமதியின்மையையும், 550 என்பது கோப்புக் கிடையாமையையோ அதனை அணுக உரிமையின்மையையோ குறிக்கும். எண்ணைப் பொறியும், உடன்வரும் சொற்றொடரை மனிதரும் வாசிக்குமாறு அமைந்தமை இதன் சிறப்பாகும்.

எனினும், விடையே வராத தோல்விகளும் உள. எவ்.ரி.பி. ஆணைகளுக்கு ஓர் இணைப்பையும் தரவுக்கு மற்றோர் இணைப்பையும் பயன்படுத்துகிறது. தரவு இணைப்பைச் சேவைக் கணனியே பயனரின் கணனியை நோக்கித் தொடங்குவது பழைய வழக்கம். யாவரும் யாவரையும் நம்பிய சிறு வலையமைப்பில் இது பொருந்திற்று. 1990களில் நிறுவனங்கள் தீச்சுவர்களை எழுப்பி, வெளியிலிருந்து தொடங்கப்படும் இணைப்புக்களைத் தடுத்தன. அதன் பயனாக, பயனர் உட்புகுவார்; கடவுச்சொல் ஏற்கப்படும்; கோப்புப் பட்டியலைக் கேட்டதும் யாவும் உறைந்து நிற்கும். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினும் பயன் இல்லை. ஏனெனில் பழுது அவ்விணைப்பில் இல்லை. பயனரின் கணனியே இரண்டாம் இணைப்பையும் தொடங்கும் 'செயப்பாட்டு முறை' 1985 ஆவணத்திலேயே இடம்பெற்றிருந்தது. அதனையே பொதுவழக்காகக் கொள்ளவேண்டும் என ஸ்ரீவன் பெலோவின் 1994 இல் எடுத்துரைத்தார்.

வெற்றி என்னும் மயக்கம்

மேற்கூறியவை வெளிப்படையாகத் தெரியும் தோல்விகள். இனி நோக்கவிருப்பது இவற்றினும் நுண்ணியது. எவ்.ரி.பி.யின் வழக்கமான ஓட்ட முறையிலே கோப்பின் முடிவு தரவு இணைப்பை மூடுவதனாலேயே உணர்த்தப்படும். ஆயின், இணைப்பு இடையில் அறுந்தாலும் அது மூடப்பட்டதாகவே தோன்றும். இக்காரணத்தால் இம்முறை இயல்பிலேயே நம்பகமற்றது என 1985 ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

ஜெரோம் சோல்ற்சர், டேவிட் றீட், டேவிட் கிளார்க் ஆகியோர் 1981 இல் முன்வைத்து 1984 இல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இவ்விடயத்தில் ஒரு திருப்புமுனையாகும். கவனமான கோப்பு மாற்றத்தையே தமது முதன்மை உதாரணமாகக் கொண்ட அவர்கள், மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் நிகழ்ந்ததொன்றை எடுத்துக்காட்டினர். அங்கு வலையமைப்புக்களை இணைத்த இடைவழிக் கணனிகள், ஒவ்வொரு கட்டத்திலும் தரவுப் பொதிகளைச் சரிபார்ப்புத் தொகை கொண்டு சோதித்தன. ஆதலால் வலையமைப்பு நம்பத்தக்கதென யாவரும் கருதினர். ஆனால் அக்கணனிகளுள் ஒன்று, தன் நினைவகத்தினுள்ளே தரவைப் படியெடுக்கும்போது ஏறத்தாழப் பத்து இலட்சம் பைற்றுக்களுக்கு ஒரு முறை, ஒரு சோடிப் பைற்றுக்களை இடம்மாற்றிவிட்டது. சோதனை கம்பியில் நிகழ்ந்தது. பிழையோ கணனியினுள் நிகழ்ந்தது. இயக்க முறைமையொன்றின் மூலக் கோப்புக்கள் பல அவ்வழியே மீண்டும் மீண்டும் சென்று சிதைவுற்றன. இறுதியில் உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளை அருகில் வைத்து, கண்ணால் ஒப்புநோக்கித் திருத்த நேர்ந்தது.

பழைய ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் களைந்து நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் உழைப்பு ஈண்டு நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஏடு எத்தனை கைமாறி வந்தது என்பது அதன் தூய்மைக்குச் சான்றாகாது. மூலத்துடன் ஒப்பிடுதலே சான்றாகும். கட்டுரையாளர் மூவரும் வந்தடைந்த முடிவும் இதுவே. இடைவழியிலுள்ள சோதனைகள் வேகத்துக்கு உதவலாம். முடிவான சோதனையோ இரு முனைகளுக்கிடையே நிகழ்தல் வேண்டும்.

இம்முடிவு பிற்கால ஆய்வினாலும் வலுப்பெற்றது. ஜொனதன் ஸ்ரோன், கிறெய்க் பாற்றிறிட்ஜ் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இணையத்தில் 1,100 பொதிகளுக்கு ஒன்று முதல் 32,000 பொதிகளுக்கு ஒன்று வரை, கம்பிவழிச் சோதனைகளைக் கடந்துவந்தும் போக்குவரத்து நெறிமுறையின் சோதனையிலே தவறின.

தமிழ்க் கோப்புக்களும் இவ்விடருக்கு உட்பட்டனவே. யுனிகோட்டின் யூ.ரி.எவ்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுக்களாகும். அவை யாவற்றிலும் எட்டாம் பிற்று இன்றியமையாதது. ஏழு பிற்றுக்களை மட்டும் காக்கும் பழைய பாதையொன்றின் வழியே சென்றால் கோப்பின் அளவு மாறாது. ஆனால் ஓரெழுத்தேனும் மிஞ்சாது. கோப்புப் பெயர்களை யூ.ரி.எவ்.-8 இல் வழங்கும் ஏற்பாடு எவ்.ரி.பி.க்கு 1999 இலேயே வகுக்கப்பட்டது.

முடிவுரை

1996 இல் அவுஸ்திரேலியாவில் அன்ட்றூ றிட்ஜெல், போல் மக்கெறாஸ் ஆகியோர் அறிமுகஞ்செய்த ஆர்-சிங்க் என்னும் செய்நிரல், மாற்றம் முடிந்ததும் முழுக்கோப்பின் சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிட்டது. பொருந்தாவிடின் மீண்டும் முயன்றது. கோப்பின் அளவை வினவும் ஆணை 2007 இல் எவ்.ரி.பி.யின் நியம ஆவணத்தில் இடம்பெற்றது. இவை யாவும் முதல் இரவின் தொலைபேசி உரையாடலுக்கே நம்மைத் திரும்ப அழைத்துச் செல்கின்றன.

ஆவணங்களும் சுவடிகளும் பத்திரிகைகளும் கணனிக் கோப்புக்களாகப் பெயர்க்கப்பட்டு, ஒரு நூலகத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்படும் காலம் இது. மூல ஏடு அழிந்தபின் கோப்பே மூலமாகிவிடும். அந்நிலையில், 'மாற்றம் நிறைவுற்றது' என்னும் பொறியின் கூற்றை மட்டும் நம்பி ஏட்டைக் கைவிடுதல் தகாது. மூலம் உள்ளபோதே ஒப்பிட்டுப் பார்ப்பது பொறியியலாளருக்கு மட்டுமன்றி, வரலாறு பயில்வோருக்கும் உரிய கடமையாகும்.