சூதாடியும் சூதுமனையாரும்: தேவனாம்பட்டினம் கோட்டை முதல் இணைய ரம்மி வரை

முன்னுரை

சூது பற்றிய தமிழ் அறவுரைகள் பெரும்பாலும் ஆடுபவனை நோக்கியே பேசுகின்றன. பொருளை இழப்பவன் அவன், குடியைக் கெடுப்பவன் அவன், பழியும் அவனுக்கே. ஆடுவதற்கு இடமும் கருவியும் தந்து, வென்றவர் யாராயினும் தோற்றவர் யாராயினும் தன் பங்கைத் தவறாது எடுத்துக்கொள்பவன் இவ்வுரைகளில் அரிதாகவே தென்படுகிறான். சூதினால் உறுதியான வருவாய் பெறுபவன் அவன் ஒருவனே என்பதை நோக்கும்போது இம்மௌனம் வியப்புக்குரியது. அவனது வருவாயைச் சட்டமும் அரசும் எவ்வாறு மதிப்பிட்டு வந்தன என்பதை, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கழகமும் அதன் உரிமையாளரும்

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. அது பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் அமைந்துள்ளது. வென்று பெறும் பொருளையே மீன் விழுங்கும் தூண்டிலாகக் காண்பது அவ்வதிகாரத்தின் தனிச்சிறப்பு. சூதாடும் இடத்தைக் குறிக்க வள்ளுவர் ஆளும் சொல் ‘கழகம்’. பிற்காலத்தில் பல்கலைக்கழகங்களுக்கும் அரசியல் இயக்கங்களுக்கும் உரியதாகிவிட்ட இச்சொல், அங்குக் கவறுடன் சேர்த்தே எண்ணப்படுகிறது. கழகத்தினுள் புகுபவனின் செல்வமும் பண்பும் அழிவது கூறப்படுகிறது. கழகத்தை நடத்துபவன் யார், அவன் ஈட்டுவது என்ன என்பன கூறப்படவில்லை. தூண்டில் இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் கை காட்டப்படவில்லை.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நேர்மாறான இடத்தில் நின்று பேசுகிறது. சூதாட்டத்தை ஓரிடத்தில் குவிக்கச் சூதுக் கண்காணிப்பாளன் ஒருவனை அது நியமிக்கிறது. வேறிடத்தில் ஆடுவோருக்குத் தண்டம் உண்டு. வென்றவர் பொருளில் நூற்றுக்கு ஐந்து அரசுக்குரியது. கருவிக்கும் இடத்திற்கும் நீருக்கும் தனிக் கட்டணம் உண்டு. கள்வரை அடையாளம் காண உதவும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒழுங்குபடுத்துவதும் பங்கெடுப்பதும் ஒரே அலுவலரிடம் ஒப்படைக்கப்படுவது இங்குக் கருதத்தக்கது. பிற்காலத்து அரசுகள் மேற்கொண்ட வழியும் ஏறக்குறைய இதுவே.

தென்னார்க்காட்டு மக்கள் சூதை அறிந்தது ஏட்டினும் கூத்தின் வழியாகவே மிகுதி. செஞ்சியைச் சூழ்ந்த இப்பகுதி திரௌபதியம்மன் வழிபாட்டின் உயிர்நிலமாகும். அவ்விழாக்களில் நிகழும் தெருக்கூத்தில் சூதும் துகிலுரிதலும் ஓர் இரவின் நடுநாயகமான நிகழ்ச்சி. நாட்டைப் பணயம் வைத்த தருமனும் வஞ்சகமாய்க் காய் உருட்டிய சகுனியும் அவையோர் முன் விசாரிக்கப்படுகின்றனர். மண்டபம் கட்டி, விருந்தினரை அழைத்து, ஆட்டத்தின் பயன் முழுவதையும் பெற்ற துரியோதனனோ பகைவன் என்ற அளவிலேயே வெறுக்கப்படுகிறான். சூதுமனை உடையவன் என்ற முறையில் அவன்மீது தனிக் குற்றச்சாட்டு எழுவதில்லை.

கோட்டைக்குள் சீட்டாட்டம்

ஐரோப்பியர் ஆவணங்களில் ‘தெக்னபட்டம்’ எனத் திரிந்து வழங்கிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி 1690இல் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரையுள்ள நிலமும் அவ்விலையில் அடங்கும். அவ்வாறு சேர்ந்தவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. கடலூரின் குண்டுசாலை இன்றும் அப்பெயரைத் தாங்குகிறது. அவ்வொப்பந்தத்தில் வரும் ‘ரேண்டம்’ என்னும் ஆங்கிலச் சொல் அந்நாளில் பீரங்கியின் உச்ச எட்டு தூரத்தைக் குறித்தது. தற்செயல் என்ற இக்காலப் பொருளில் அதைப் படித்து, நிலத்தைச் சூதில் வென்றதாகச் சொல்வது பிழை. புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற அவ்விடம், சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கும்பினியின் தலைமையிடமாக விளங்கியது.

சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இக்கோட்டையை அடைந்த இளம் எழுத்தர்களில் இராபர்ட் கிளைவ் ஒருவர். அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இங்கு நிகழ்ந்ததாக ஒரு செய்தியைக் கூறுவர். படைத்துறை அலுவலர் இருவர் சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பெருந்தொகை வென்றனர், தோற்றோர் பலர் அச்சுறுத்தலுக்கு அஞ்சிப் பணம் செலுத்தினர், கிளைவ் மறுத்தார். அதன் விளைவாக நேர்ந்த துப்பாக்கிச் சண்டையில் கிளைவின் குண்டு தவறியது. எதிரி நெருங்கி வந்து துப்பாக்கியை நீட்டியபோதும் அவர் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லை. எதிரியே பின்வாங்கினான்.

இந்நிகழ்ச்சி வழக்கமாகக் கிளைவின் துணிவுக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. பொருளியல் நோக்கில் அது வேறொன்றையும் காட்டுகிறது. 1710ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் சூதாட்டக் கடன்களைச் செல்லாதனவாக்கியது. ஒரே அமர்வில் பத்துப் பவுனோ அதற்கு மேலோ இழந்து செலுத்தியவர் அதைத் திரும்பப் பெற வழக்கிடவும் வழி செய்தது. நீதிமன்றம் தண்டித் தராத கடனை மானத்தின் பெயரால் துப்பாக்கி தண்டியது. ஏமாற்றினான் என்பதே கிளைவின் வாதம். பணயம் வைத்து ஆடியது தவறு என்ற வாதம் அங்கு எழவேயில்லை. ஆண்டுக்கு ஐந்து பவுன் ஊதியம் பெற்ற எழுத்தர்கள் பெருந்தொகை வைத்து ஆடியது எவ்வாறு என்ற வினாவுக்கு, கும்பினி தன் பணியாளருக்கு விட்டுவைத்திருந்த சொந்த வணிகம் விடையாகிறது. விரைந்து பொருள் சேர்த்து ஊர் திரும்புவதே அங்கு வாழ்வின் நோக்கம். சில ஆண்டுகளில் கிளைவ் இதே கோட்டையில் படைக்கு உணவு வழங்கும் பொறுப்பேற்று, அதன் வழியாகப் பெருஞ்செல்வம் திரட்டினார். அவ்வருவாய் குறித்து எவரும் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்ததாகத் தெரியவில்லை. கோட்டையை 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை கைப்பற்றித் தகர்த்தது.

அரசு தனக்குத் தந்துகொண்ட விலக்கு

தனியாரின் சூதுக் கடனைச் செல்லாததாக்கிய அதே 1710இல் ஆங்கில அரசு தன் செலவுக்காகப் பரிசுச்சீட்டு நடத்தியது. 1694இல் தொடங்கிய அரசுச் சீட்டுகள் 1826 வரை நீடித்தன. அம்முறை கும்பினியுடன் இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவின் சாலைகளும் குளங்களும் 1817இல் அமைந்த லாட்டரிக் குழுவின் வருவாயில் உருவாயின. அரசின் நிலைப்பாடு சட்ட வடிவம் பெற்றது 1870இல். அவ்வாண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 294அ பிரிவு, லாட்டரிக் குலுக்கலுக்கென அலுவலகம் நடத்துவதைக் குற்றமாக்கியது. அரசின் ஒப்புதல் பெற்றதற்கு மட்டும் விலக்களித்தது. செயல் ஒன்றே, பங்கு பெறுபவர் யார் என்பதைப் பொறுத்து அது குற்றமாகவோ நற்பணியாகவோ ஆனது.

சென்னை நகருக்கு வெளியே, கடலூர் உட்பட, நடைமுறைக்கு வந்தது 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம். நடத்துபவனின் வருவாயைச் சட்டம் நேராகப் பார்ப்பதை இங்குக் காணலாம். ஓர் இடம் ‘பொதுச் சூதாட்ட இல்லம்’ ஆவதற்கு, அதன் உரிமையாளரோ அதைப் பயன்படுத்துபவரோ இலாபம் பெறும் பொருட்டு அங்கு ஆட்டக் கருவிகள் வைக்கப்பட்டிருப்பது அடிப்படை. நண்பர் வீட்டுத் திண்ணையில் ஆடுவதற்கும் ‘மனைப்பங்கு’ எடுக்கும் இடத்தில் ஆடுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் அறிந்திருந்தது. ஆயினும் திறமையால் மட்டுமே அமையும் ஆட்டங்களுக்கு அது அளித்த விலக்கு, பின்னாளில் விவாதம் முழுவதையும் திறமையா தற்செயலா என்ற திசைக்குத் திருப்பிவிட்டது.

1968இல் அண்ணா தலைமையிலான தமிழக அரசு பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்குப் பயன், விழாவிட்டால் நாட்டுக்குப் பயன் என்பது அன்று பரவிய விளக்கம். விளக்கத்தின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. தோல்வியையே நன்கொடையாக மாற்றிக் காட்டிய சொல்வன்மை அது. ஆனால் வரியில் செலுத்துவோரின் வசதி கருதப்படும். சீட்டில் அது கருதப்படுவதில்லை. நாள்கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்துச் சீட்டு வாங்குபவரும் செல்வரும் ஒரே விலையில் நாட்டுக்கு உதவுகின்றனர்; பெரும்பாலும் வாங்குபவர் முன்னவரே. அரசு நடத்தினாலும் லாட்டரியின் சூதுத்தன்மை நீங்காது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் தெளிவுபடுத்தியது. இடையில் நிறுத்தப்பட்டும் மீண்டும் தொடங்கப்பட்டும் வந்த லாட்டரியை, 2003 சனவரியில் ஜெயலலிதா அரசு தமிழகத்தில் முற்றாகத் தடை செய்தது.

மறக்கப்பட்ட ஒரு தொடர்

ரம்மி திறமை மேலோங்கிய ஆட்டம் என்று 1967இல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை இணைய ரம்மி நிறுவனங்கள் இடைவிடாது மேற்கோள் காட்டி வந்தன. அதே தீர்ப்பு, பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மனை உரிமையாளரோ மன்றமோ இலாபம் பெற்றால் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்றும் கூறியிருந்தது. இரண்டாவது கூற்று மேற்கோள்களில் அரிது. இணைய ரம்மி நிறுவனத்தின் வருவாயோ ஒவ்வோர் ஆட்டத்தின் பணயத்திலிருந்தும் அது எடுக்கும் பங்குதான். ஆடுபவர் திறமைசாலியா என்பது அப்பங்கின் தன்மையை மாற்றுவதில்லை. இருவர் திறமையும் சமமானால் நெடுநேர ஆட்டத்தில் இருவரும் இழப்பர், மனை மட்டுமே பெறும்.

2021 ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தமிழகத்தின் தடைச் சட்டத் திருத்தத்தைச் செல்லாதென அறிவித்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2023இல் வந்த புதிய சட்டம், ஆடுபவருக்கு மூன்று மாதம் வரையும் நடத்துபவருக்கு மூன்றாண்டு வரையும் சிறை விதித்தது. பழியின் எடை இடம் மாறியதை இவ்விகிதம் காட்டுகிறது. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மி, போக்கர் ஆகியவற்றை மட்டும் அதன் தடையிலிருந்து விலக்கியது. இதற்கிடையே 2023 அக்டோபர் முதல் இணையப் பண ஆட்டங்களில் செலுத்தும் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது. கௌடிலியரின் கண்காணிப்பாளன் கேட்டது ஐந்து விழுக்காடு, அதுவும் வென்றவரிடம் மட்டும். அறமற்றது எனத் தடுக்க முயலும் தொழிலிலிருந்து அரசு வரி பெறுவது முரணா, கட்டுப்படுத்தும் கருவியா என்பது எளிதில் தீர்வதன்று. வரியின் நோக்கம் தொழிலைச் சுருக்குவதாயின், சுருங்கும்போது கருவூலம் மகிழ வேண்டும். எந்த வரவு செலவுத் திட்டமும் அவ்வாறு எழுதப்படுவதில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் திறமை, தற்செயல் என்ற வேறுபாட்டையே கைவிட்டது. பண ஆட்டம் நடத்துவோர், அதற்கு விளம்பரம் செய்வோர், பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோவோர் ஆகியோர் அதன்கீழ்த் தண்டனைக்குரியர். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. குறளில் காட்டப்படாத கையைச் சட்டம் முதன்மைக் குற்றவாளியாக நிறுத்தியுள்ளது. அரசின் லாட்டரியோ இந்நகர்வுக்கு வெளியே இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவு, லாட்டரி அலுவலகம் நடத்துவதைக் குற்றமாக்கும்போது, மாநில அரசு நடத்துவதற்கும் அது ஒப்புதல் அளிப்பதற்கும் 1870இன் விலக்கை அப்படியே தொடர்கிறது.